காய்ந்தால் சவுத் டவுன்ஸ், நனைந்தால் பீக்: இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் கிராவல் பைக்குக்கு எந்தப் பாதை?

இங்கிலாந்தில் கிராவல் பைக் (தார்ச்சாலையிலும் மண், சரளைப் பாதைகளிலும் ஓடும் அகலமான டயர் கொண்ட சைக்கிள்) வாங்கியவர்கள் முதல் நெடும்பயணத்துக்குப் பாதை தேடும்போது இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம். இரண்டும் தேவைதான். ஆனால் அங்கே பயணம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது டயருக்கு அடியில் இருக்கும் கல்லும், அதன்மேல் கடைசியாக எப்போது மழை பெய்தது என்பதும். அதை வைத்துத்தான் தெற்கு இங்கிலாந்தின் நெடும்பாதைகளான சவுத் டவுன்ஸ் வே, ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதி, பீக் டிஸ்ட்ரிக்டின் பழைய ரயில் தடங்கள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கடைசியில் யார்க்‌ஷயர் டேல்ஸ் பற்றியும் கொஞ்சம்.

அதற்கு முன் சட்டம். வரைபடத்தில் கோடு இருந்தாலே சைக்கிள் போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபுட்பாத் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே எனப்படும் குதிரைப்பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை கிடைத்தது 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால், அதுவும் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் ஃபுட்பாத், நீல அம்பு இருந்தால் பிரைடில்வே. ஸ்காட்லாந்தில் விதி வேறு, ரொம்பத் தாராளம். அந்தப் பழக்கத்தில் எல்லை தாண்டி வந்து ஓட்டக் கூடாது.

சரி, சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் கடலோரம் முடியும் 160 கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சைக்கிளில் சட்டப்படி போகலாம் என்பது இதன் பெரிய பலம். கடைசியில் மட்டும் ஆல்ஃப்ரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரியும். செவன் சிஸ்டர்ஸ் செங்குத்துப் பாறைகளை ஒட்டிய கிளை நடப்பவர்களுக்கானது, நமக்கு ஜெவிங்டன் வழியாகப் போகும் உள்கிளை. வழியில் உள்ள பட்சர் ஹில்லின் உயரமே 270 மீட்டர்தான், இதில் என்ன பெரிய மலை என்று தோன்றும். ஆனால் முழுப் பாதையையும் கூட்டினால் ஏற்றம் 4,000 மீட்டரை நெருங்கும். காரணம் ஆறுகள். அருண், அடூர், ஊஸ், கக்மியர் ஆகிய நான்கும் இந்தக் குன்றுத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் மேட்டிலிருந்து கிட்டத்தட்டக் கடல் மட்டம் வரை இறங்கி, பாலம் கடந்து, இறங்கிய அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும். சவுத்ஈஸில் ஊஸ் ஆற்றைத் தாண்டியதும் வரும் இட்ஃபோர்ட் ஹில் ஏற்றம், காலில் ஏற்கெனவே 130 கிலோமீட்டர் இருக்கும்போது, இந்தப் பாதையின் கடினத்தை ஒரே இடத்தில் காட்டிவிடும்.

தரை முழுக்கச் சீமைச்சுண்ணாம்பு. ஒரு வாரம் வெயில் அடித்திருந்தால் வெள்ளையாக, கெட்டியாக, வேகமாக இருக்கும். டிச்லிங் பீக்கனிலிருந்து தெற்கே கடலும் வடக்கே வீல்ட் சமவெளியும் ஒரே நேரத்தில் தெரிய, இடையில் புல்வெளியைப் பிளந்து போகும் அந்த வெள்ளைத் தடத்தில் ஓட்டுவதற்கு இணையாக இங்கிலாந்தில் வேறொன்றும் எனக்குத் தெரியாது. அதே தடம் மழையில் கோலமாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்தது போல ஆகிவிடும். டயரின் பல்லுக்குள் அப்பிக்கொள்ளும், ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும், இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுற்றாமலே வழுக்கிக்கொண்டு போகும். போதாததற்குச் சிக்கிமுக்கிக் கற்கள். சுண்ணாம்பு கரையக் கரைய இவை மேலே வந்துவிடுகின்றன. உடைந்த முனை கண்ணாடிச் சில்லின் கூர்மையோடு இருக்கும், டயரின் பக்கச் சுவரைத்தான் கிழிக்கும், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவத்தாலும் அடைக்க முடியாத அளவுக்கு. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டிருந்தாலும் ஒரு டியூபும் உள்ளே வைத்துத் தாங்க ஒரு துண்டு பழைய டயரும் பையில் இருக்கட்டும்.

ரிட்ஜ்வேக்கும் அடியில் இதே சீமைச்சுண்ணாம்புதான், ஆனால் ஓட்டும் அனுபவம் முழுக்க வேறு. மொத்தப் பாதை 139 கிலோமீட்டர், ஏவ்பரிக்கு அருகே ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்கோ பீக்கன் வரை. தேம்ஸ் நதிக்குக் கிழக்கே பல இடங்களில் ஃபுட்பாத், அதனால் சைக்கிளுக்குக் கணக்கு ஓவர்ட்டன் ஹில் முதல் தேம்ஸ் கரையில் ஸ்ட்ரீட்லி வரையிலான சுமார் 70 கிலோமீட்டர்தான். இங்கே குறுக்கே அறுக்கும் ஆறுகள் இல்லை. ஆக்போர்ன் செயின்ட் ஜார்ஜ் போன்ற ஓரிரு இடங்களில் இறங்கி ஏறினால் மீதி நேரம் மேட்டின் முதுகிலேயே ஓடலாம். பழைய பாதை என்பதை ஒவ்வொரு சில கிலோமீட்டருக்கும் உணர்வீர்கள்: பார்பரி காசில் மண்கோட்டைக்கு உள்ளேயே பாதை நுழைந்து வெளியேறும், வேலண்ட்ஸ் ஸ்மிதி என்ற புதிய கற்காலக் கல்லறை ஓரமாக இருக்கும், அதைத் தாண்டினால் சுமார் 3,000 ஆண்டுகளாகச் சரிவில் நிற்கும் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை.

குறைகளும் உண்டு. சில பகுதிகளில் மோட்டார் வண்டிகளுக்கும் உரிமை இருக்கிறது, அவை போட்ட ஆழமான பள்ளங்கள் காய்ந்து இறுகிவிட்டால் முன்சக்கரம் அதற்குள் விழுந்து மாட்டிக்கொள்ளும். தண்ணீர் கிடைப்பது அரிது, ஊர்களெல்லாம் கீழே. மரநிழலும் குறைவு, எதிர்க்காற்று அடித்தால் ஒதுங்க இடமில்லை. லாம்போர்ன் பக்கம் பந்தயக் குதிரைகள் பழகும் புல்வெளி ஓடுதளங்கள் பக்கத்திலேயே வரும், வழவழவென்று ஆசை காட்டும், தயவுசெய்து அதில் ஏற வேண்டாம். இவ்வளவு சொன்ன பிறகும், கிராவல் பைக் என்ற வண்டிக்குப் பொருத்தம் எது என்று கேட்டால் சவுத் டவுன்ஸை விட ரிட்ஜ்வேதான் என்பேன். டவுன்ஸின் செங்குத்து இறக்கங்களில் மவுன்டன் பைக் இருந்தால் தேவலை என்று அடிக்கடி நினைப்போம், இங்கே அந்த நினைப்பு வராது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் 2020-இல் தொடங்கப்பட்ட கிங் ஆல்ஃப்ரட்ஸ் வே இருக்கிறது: வின்செஸ்டரில் கிளம்பி அங்கேயே வந்து சேரும் 350 கிலோமீட்டர் வட்டம், இரண்டு பாதைகளின் துண்டுகளும் அதில் வரும். நான்கைந்து நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு.

மழைக்காலம் என்றால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு டார்பிஷயர் போங்கள். பீக் டிஸ்ட்ரிக்டின் தெற்குப் பகுதி கெட்டியான சுண்ணாம்புக்கல், அங்கே மூடப்பட்ட ரயில் பாதைகளின் மேல் சரளை கொட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். ரயிலுக்காகப் போட்ட தளம், நீர் வடிய வழி வைத்தே கட்டியது, அதனால் ஜனவரியிலும் ஓட்டலாம். ஹை பீக் டிரெயில் 27 கிலோமீட்டர், டிஸ்ஸிங்டன் டிரெயில் 21, இரண்டும் பார்ஸ்லி ஹேயில் சந்திக்கின்றன. ரயில் தடம் என்றால் சமதளம் என்று நினைத்து க்ராம்ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் முதல் மைலிலேயே அதிர்ச்சி காத்திருக்கும். இந்த ரயில் கால்வாய்களை இணைக்கக் கால்வாய்க் காலத்து மூளையோடு போடப்பட்டது, ஏற்றங்களில் வேகன்களை நீராவி எஞ்சின் சங்கிலி கட்டி இழுத்தது. ஷீப் பாஸ்ச்சர் சரிவு எட்டுக்கு ஒன்று, அதற்குப் பிறகு மிடில்டன் சரிவு. மேலே மிடில்டன் டாப்பில் 1829-இல் கட்டிய அந்த எஞ்சின் கட்டடம் இன்னும் நிற்கிறது. அப்புறம் மினிங்லோவின் மரத்திட்டு தூரத்தில் தெரிய, உயரமான கற்கரைகள் மேல் மணிக்கணக்கில் நிதானமாக ஓட்டலாம்.

சிலருக்கு இது சலிக்கும், மறுக்க மாட்டேன். வார இறுதியில் குழந்தைகள், நாய்கள், வாடகை சைக்கிள்கள் என்று கூட்டமாகவும் இருக்கும், வேகம் காட்டும் இடமல்ல. அதற்கு வழி, பார்ஸ்லி ஹேயோடு நிற்காமல் வடக்கே பென்னைன் பிரைடில்வேயைப் பிடித்து, செல்மோர்ட்டன் வழியாக வை நதிப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, மான்சல் டிரெயிலில் சேர்வது. அந்த இறக்கம் செங்குத்து, கல் உருளும், நிதானம் தேவை. கீழே 2011-இல் திறந்த சுரங்கங்கள், பகலில் விளக்கெரியும், அவற்றுக்கு நடுவே வயடக்ட் எனப்படும் உயரமான ரயில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆறு.

யார்க்‌ஷயர் டேல்ஸுக்குப் போவது மேற்கண்டவற்றில் ஒன்றையாவது முடித்த பிறகு. செட்டில் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் செட்டில் லூப் 16 கிலோமீட்டர்தான், ஆனால் ஊரை விட்டு வெளியேறும் ஏற்றத்தில் பலர் இறங்கித் தள்ளுகிறார்கள். கிழக்கே மாலம் தாண்டி மாஸ்டைல்ஸ் லேன், ஒரு காலத்தில் ஃபவுன்டன்ஸ் மடத்துத் துறவிகளின் ஆட்டு மந்தைகள் போன வழி, இரு பக்கமும் காரை பூசாத கல்சுவர். கற்கள் பெரிது, 40 மில்லிமீட்டர் டயரில் கை மரத்துப்போகும். பீக் தடங்களுக்கு அந்த அளவு தாராளம். டவுன்ஸுக்கும் டேல்ஸுக்கும் ஃப்ரேம் இடம் கொடுத்தால் 45, கூடவே செங்குத்து ஏற்றத்துக்காக, பெடல் பக்கத்து முன்பல்சக்கரத்தைவிடப் பின்பல்சக்கரம் பெரிதாக இருக்கும் கியர்.