வேர்ட்பிரஸா, ஹியூகோவா: ஒப்படைத்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

மதுரையில் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் கையில் எடுப்பது வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளைத்தான். பல வருடங்கள் நானும் அதைத்தான் எடுத்தேன். இந்த வருடம் சித்தப்பாவின் சுங்குடிக் கடைத் தளத்தை வேர்ட்பிரஸிலிருந்து ஹியூகோ என்ற இன்னொரு தளம் கட்டும் மென்பொருளுக்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தளத்தில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் இலவசக் கருவிகளையும் அதே கையோடு ஒப்பிட்டேன். எந்தக் கருவியில் தளத்தைக் கட்டுவது, எந்தக் கருவியால் சோதிப்பது என்று இரண்டு தனிக் கேள்விகள் இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் முதல் கேள்விக்குச் சொல்லும் பதிலே இரண்டாவதில் பாதியை முடித்துவிடுகிறது.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே திறமூலம், அதாவது மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்; இரண்டுக்கும் காசு இல்லை. வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது, ஜி.பி.எல். உரிமம். ஹியூகோ 2013இல் ஸ்டீவ் பிரான்சியா தொடங்கியது, அப்பாச்சி உரிமம். யூனிகோட் தமிழ் இரண்டிலும் ஒழுங்காக வரும். மொபைலில் நன்றாகத் தெரியும் தீம்கள் (தயாராகக் கிடைக்கும் வடிவமைப்புகள்) இரண்டுக்கும் தாராளமாகக் கிடைக்கும். வேகத்தில் ஹியூகோ முந்தும், அதில் சண்டையே இல்லை.

வேலை செய்யும் விதம்தான் வேறு. வேர்ட்பிரஸ் தளத்துக்கு ஒருவர் வந்தால், சர்வரில் (தளம் இருக்கும் கணினியில்) பி.எச்.பி. மொழியில் எழுதிய நிரல் ஓடி, தகவல்களைச் சேமித்திருக்கும் டேட்டாபேஸிலிருந்து விஷயத்தை எடுத்து, அந்த நேரத்தில் பக்கத்தைத் தயார்செய்து அனுப்புகிறது. ஹியூகோ நம் கம்ப்யூட்டரில் ஒரே தடவை ஓடி எல்லாப் பக்கங்களையும் பிரவுசர் நேரடியாகக் காட்டக்கூடிய எச்.டி.எம்.எல். கோப்புகளாக எழுதிவைத்துவிடும். அந்தக் கோப்புகளைச் சர்வரில் ஏற்றிவிட்டால் போதும். அங்கே லாகின் பக்கம் கிடையாது, டேட்டாபேஸ் கிடையாது, ஓடுவதற்கு நிரலும் கிடையாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தளத்தை முடித்து ஒப்படைத்த மறுநாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

நம் ஊர்க் கடைக்காரர்கள் தளம் செய்யப் பணம் கொடுப்பார்கள். வருடப் பராமரிப்புக்கு என்று கேட்டால், “அதான் ஓடிக்கிட்டு இருக்கே தம்பி, எதுக்கு?” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாசி வீதியில் தீபாவளி வியாபாரம் நடக்கும்போது எந்தக் கடை முதலாளி தளத்தின் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டைத் திறந்து அப்டேட் பொத்தானை அழுத்துவார்? அது அவர் வேலையும் இல்லை. ஆனால் வேர்ட்பிரஸ் அந்த வேலையை யாராவது ஒருவர் செய்வார் என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்டது.

வேர்ட்பிரஸின் மையப் பகுதியை நான் குறை சொல்லமாட்டேன். 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே பதிந்துவிடுகின்றன. 2017 தொடக்கத்தில் 4.7, 4.7.1 பதிப்புகளில், லாகின் செய்யாமலே யார் வேண்டுமானாலும் பதிவுகளைத் திருத்திவிடக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது. 4.7.2இல் அடைத்தார்கள். தானியங்கி அப்டேட் இருந்த தளங்கள் தப்பின. அதை நிறுத்திவைத்திருந்த தளங்கள் ஏராளமாகச் சிதைக்கப்பட்டன.

தொல்லை பிளகின்களில்தான், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்களில். பிளகின்களுக்கும் தானியங்கி அப்டேட் வசதி 2020இல் 5.5 பதிப்போடு வந்தது. ஆனால் அதை ஒவ்வொரு பிளகினுக்கும் நாமாகத்தான் இயக்கிவைக்க வேண்டும். அதே வருடம் செப்டம்பரில் ‘ஃபைல் மேனேஜர்’ பிளகினில் ஓட்டை வெளிப்பட்டது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலே பி.எச்.பி. கோப்பை உள்ளே ஏற்ற முடிந்தது. ஏற்றிவிட்டால் தளம் முழுவதும் தாக்குகிறவர்கள் கையில்.

இதைவிடக் கவலை தருவது, எழுதினவர் கைவிட்டுவிட்ட பிளகின். புதுப் பதிப்பே வராததால் அப்டேட் எதுவும் பாக்கியில்லை என்றுதான் டாஷ்போர்டு காட்டும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். சரி, எல்லாவற்றையும் தானியங்கியில் போட்டுவிடலாமா என்றால், அதோடும் வேலை முடிந்துவிடாது. பி.எச்.பி. 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. ஹோஸ்டிங்காரர் சர்வரை 8க்கு உயர்த்தினால் பழைய பிளகின் ஒன்று முரண்டுபிடிக்கும், தளம் வெள்ளைப் பக்கமாக நிற்கும். அன்று யாராவது உட்கார்ந்து சரிசெய்தாக வேண்டும்.

திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாண மகால் தளத்தைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். முகவரியை நேராகத் தட்டினால் தளம் அழகாகத் திறக்கிறது. கூகுளில் மகால் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் ஏதோ பொருள் விற்கும் பக்கங்கள் வரிசையாக வருகின்றன. உள்ளே நுழைந்தவர்கள் தேடுபொறிக்கு மட்டும் வேறு முகத்தைக் காட்டும்படி நிரலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வகைத் தாக்குதல் பரவலானது, அதைக் களைவதற்குக் கூகுளே வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. தளம் கூகுளில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளர் பார்க்கும் கூகுள் சர்ச் கன்சோலில், நுழைந்தவர்கள் தங்களையும் ஓர் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வரை போவார்கள். கோப்புகள், டேட்டாபேஸ், பயனர் பட்டியல் என்று ஒவ்வொன்றாகச் சலித்துத்தான் அந்தத் தளத்தை மீட்க முடிந்தது. முகூர்த்த மாதத்தில் மகால் தேடுகிறவர் அந்தத் தேடல் முடிவைப் பார்த்தால் அடுத்த மகாலுக்குப் போன் போடுவார். அந்த நஷ்டம் உரிமையாளரின் கணக்கில் எங்கேயும் எழுதப்படாது. அதை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

அப்போ ஹியூகோ கெட்டுப்போகாதா? அதுவும் கெடும், வேறு விதமாக. பல வருடங்கள் ஆகியும் அதன் பதிப்பு எண் பூஜ்ஜியத்தில்தான் தொடங்குகிறது. புதுப் பதிப்புகளில் பழைய டெம்ப்ளேட் (பக்க அச்சு) வசதிகளை நீக்குவார்கள். இரண்டு வருடம் தொடாத தளத்தைப் புது ஹியூகோவில் கட்டினால் தீம் உடைந்து பிழைச்செய்தி வர வாய்ப்பு அதிகம். ஆனால் உடைவது என் கம்ப்யூட்டரில். சர்வரில் இருக்கும் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. தவிர, ஹியூகோ ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கும் நிரல். எந்தப் பதிப்பில் கட்டினேனோ அந்தக் கோப்பையும் தளத்தின் மூலக் கோப்புகளோடு சேர்த்து வைத்துவிடுகிறேன். தீமையும் அப்படியே உள்ளே வைத்துவிடுவேன். நான் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் அதே பதிப்பை ஓட்டிப் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். ஹியூகோ மாதிரியே பக்கங்களைக் கோப்புகளாக எழுதித் தரும் ஜெக்கில் இதைவிட மூத்தது, நல்ல கருவிதான். ஆனால் அதற்கு வேண்டிய ரூபி மொழி நூலகங்களைப் புதுக் கம்ப்யூட்டரில் திரும்ப நிறுவுவது எனக்கு எப்போதும் பெரிய வேலையாகவே இருந்திருக்கிறது.

ஹியூகோவின் பெரிய குறை, கடைக்காரர் தன் போனிலிருந்து நேரடியாக எதையும் போட முடியாது என்பது. டெக்காப் சி.எம்.எஸ். போன்ற திறமூல எடிட்டர்களை இணைக்கலாம்தான், ஆனால் அதற்கு வேண்டிய கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) கணக்கெல்லாம் சித்தப்பாவுக்குச் சரிப்படாது. கடையில் வேலைபார்க்கும் தம்பி புதுச் சேலைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் ஏற்றிவிடுவேன். விசாரணையும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்பதால் தளத்தில் படிவமே வைக்கவில்லை. ஒவ்வொரு சேலைக்குக் கீழேயும் வாட்ஸ்அப் இணைப்பு மட்டும்.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் ஒத்துவராது. தினமும் அறிவிப்பு போடும் பள்ளிக்கூடம், நாலைந்து பேர் எழுதும் இதழ், தளத்திலேயே பணம் வாங்கி விற்கும் கடை என்றால் வேர்ட்பிரஸ்தான் சரி. ஆனால் அவர்களிடம் பராமரிப்புக்கு ஆள் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் மாதிரியான இன்னொரு மென்பொருளான ஜூம்லாவோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அதே வகையைச் சேர்ந்த டுருபல் வலிமையானது. ஆனால் 7ஆம் பதிப்பின் ஆதரவு 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது, அதிலிருந்து மேலே போக ஏறக்குறைய புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. சின்ன நிறுவனத்துக்கு அந்தச் செலவு தாங்காது.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க ஒன்று. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு அப்படியே பக்க முகவரியாக மாறினால், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் குறியீடாக மாறி 9 இடங்களை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 200 இடங்கள்தான் உண்டு. இருபத்திரண்டு குறிகளுக்கு மேல் போனால் முகவரி பாதியில் அறுந்துவிடும். ஒவ்வொரு பதிவிலும் முகவரியைக் கையால் சுருக்க வேண்டும். ஹியூகோவில் கோப்புக்கு நான் வைக்கும் பெயர்தான் முகவரி.

இனி சோதனைக் கருவிகள். வேர்ட்பிரஸ் தளம் என்றால் டபிள்யூபிஸ்கேன் தவிர்க்க முடியாதது. எந்தெந்தப் பிளகின், எந்தப் பதிப்பு, அதில் தெரிந்த ஓட்டைகள் என்ன என்று பட்டியல் போட்டுத் தரும். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 25 வினவல்கள், அதாவது ஓட்டைப் பட்டியலை அத்தனை தடவைதான் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பிளகினுக்கும் ஒன்று கழியும். மூலநிரல் திறந்திருந்தாலும் உரிமம் முழுத் திறமூலம் இல்லை. இதை வைத்துத் தொழில் செய்கிறவர் தனி உரிமம் வாங்க வேண்டும். நம்மில் பலர் இதைப் படிக்காமலே பயன்படுத்துகிறோம்.

நிக்டோ 2001இலிருந்து இருக்கிறது. மறந்து விட்டுவைத்த பேக்கப் கோப்பு, பழைய சர்வர் மென்பொருள் போன்றவற்றைச் சீக்கிரம் பிடித்துத் தரும். ஆனால் ரொம்பச் சத்தம் போடும் கருவி, அதாவது சர்வருக்கு ஏராளமான கோரிக்கைகளை அனுப்பும். பலர் பகிர்ந்துகொள்ளும் ஹோஸ்டிங்கில் ஓட்டினால் சர்வரைக் காக்கும் ஃபயர்வால் நம் ஐ.பி. முகவரியையே தடுத்துவிடும். பொய்யான எச்சரிக்கைகளும் நிறைய.

நான் சாய்வது ஜாப் பக்கம். சைமன் பென்னட்ஸ் 2010இல் தொடங்கியது. நெடுநாள் மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் கீழ் இருந்து 2023இல் பிரிந்தது. இப்போது செக்மார்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆதரவு தருகிறது. உரிமம் அப்பாச்சிதான், தொழிலுக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். அதன் அடிப்படை ஸ்கேன் தளத்தைச் சுற்றிப்பார்த்து, வரும் பதில்களை மட்டும் அலசும். எதையும் தாக்காது. தாக்கிப் பார்க்கும் ஸ்கேனை வாடிக்கையாளரின் நேரடித் தளத்தில் ஓட்டாதீர்கள். தொடர்புப் படிவத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பி அனுப்பி, கடைக்காரரின் மெயிலை நிறைத்துவிடும். நம் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்து அதில் ஓட்டலாம். நியூக்ளி என்ற இன்னொரு சோதனைக் கருவியை நான் மேலோட்டமாகத்தான் ஓட்டியிருக்கிறேன். வேகமானது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

சுங்குடித் தளத்தில் ஜாப் காட்டியவை: சில பாதுகாப்புத் தலைப்புகள் (சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் பாதுகாப்புக் குறிப்புகள்) இல்லை, தீமோடு வந்த ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பழையது. தலைப்புகளைச் சர்வர் அமைப்புக் கோப்பில் சேர்த்தேன், ஜேகுவரியைத் தூக்கிவிட்டேன், மறுபடி ஓட்டினேன். நானாக எதையும் மாற்றாதவரை அந்த முடிவு பெரும்பாலும் அப்படியே நிற்கும். வேர்ட்பிரஸில் இன்று சுத்தம் என்று வரும் அறிக்கைக்கு ஆயுள் குறைவு. அடுத்த வாரம் ஒரு பிளகினில் ஓட்டை வெளிவந்தால், நாம் எதையும் தொடாமலே தளம் ஆபத்தில் இருக்கும். எனக்குப் பராமரிப்பே தீர்மானிக்கும் காரணம் ஆனது இதனால்தான். சோதனைக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் திரும்பத் திரும்ப ஓட்ட ஆள் வேண்டும்.

ஹியூகோ தளத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். ஹோஸ்டிங் கணக்கு, டொமைன் கணக்கு, மூலக் கோப்புகள் இருக்கும் கணக்கு மூன்றிலும் இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறையை) போட்டுவையுங்கள். யாராவது நுழைவதானால் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைவார்கள்.

எந்தத் தளத்தையும் சோதிக்கும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சரி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66 பிரிவுகளின்படி, அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு நுழைவது 3 ஆண்டு வரை சிறைக்கோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். ஹோஸ்டிங் நிறுவனத்தின் விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸிலேயே இருப்பவர்கள் பிளகின்களைக் குறையுங்கள். மிச்சமிருப்பவற்றுக்குத் தானியங்கி அப்டேட்டை இயக்குங்கள். பயன்படுத்தாத பிளகினை நிறுத்திவைப்பது போதாது, கோப்புகள் சர்வரிலேயே இருக்கும் என்பதால் அழித்துவிட வேண்டும். பேக்கப்பை வேறு இடத்தில் வைத்து, அதிலிருந்து தளம் திரும்ப எழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடைவழியும் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸை நம் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்துக்கொண்டு, ‘சிம்ப்ளி ஸ்டேட்டிக்’ பிளகின் மூலம் எச்.டி.எம்.எல். கோப்புகளாக மாற்றி ஏற்றலாம். படிவமும் தேடலும் அப்படியே வேலைசெய்யாது, அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஒரு சின்னத் தளத்தில் செய்து பார்த்தவரை ஒழுங்காகவே வந்தது. பெரிய தளத்துக்கு இதை நம்பிச் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.