வண்ணார்பேட்டை கலெக்ஷன் சென்டர்: பூஞ்சைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் நர்ஸாக இருக்கிறேன். கேண்டிடா பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனை எங்களிடம் கிடையாது. வண்ணார்பேட்டையில் உள்ள கலெக்ஷன் சென்டர் வழியாகச் சென்னைக்குப் போகும்.

அங்கே உள்ள டெக்னீஷியன் அண்ணாச்சிக்காகவே அந்த சென்டருக்கு நல்ல மார்க் போடுவேன். ஒருமுறை சீட்டில் மன்னான் (கேண்டிடாவின் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள்) ஆன்டிபாடி மட்டும் எழுதியிருந்தது. உடனே போன் பண்ணினார்: "சிஸ்டர், ஆன்டிஜெனும் சேர்க்கலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க." அவர் சொன்னது சரி. ஆன்டிஜென் என்றால் ரத்தத்தில் கலந்திருக்கும் அந்த மன்னானே; ஆன்டிபாடி என்றால் அதை எதிர்த்து நம் உடம்பு உருவாக்குவது. கேண்டிடா நம்மில் பலர் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கிறது. அதனால் நோய் இல்லாதவருக்கும் ஆன்டிபாடி இருக்கலாம். ஸ்டீராய்டு, கீமோ என்று எதிர்ப்புச் சக்தி இறங்கிப்போனவருக்கோ, நோய் இருந்தும் அது உருவாகாமல் போகலாம். 2010-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டும் தனித்தனியாக 100 நோயாளிகளில் 60 பேரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை; சேர்த்துப் பார்த்தபோது 83 பேரைக் கண்டுபிடித்தன. ரத்த கல்ச்சரோ (ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது) ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் காட்டும், அதுவும் சில நாள் கழித்து. வென்டிலேட்டரில் கிடக்கிறவருக்கு அந்த நாட்கள் ரொம்பப் பெரிசு.

சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) பிரித்து ஐஸ் பெட்டியில் ஒழுங்காக வைக்கிறார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சாம்பிள் கெட்டிருந்தால் மழுப்பாமல் மறுபடி கேட்கிறார்கள்.

குறை என்றால் ஞாயிற்றுக்கிழமை. சனி சாயங்காலம் கொடுத்த சாம்பிள் திங்கள்தான் கிளம்பும். டாக்டர் அதுவரை பொறுக்க முடியாமல் காஸ்போஃபன்ஜின் என்ற விலை கூடிய பூஞ்சை மருந்தைத் தொடங்கிவிடுவார். ரிசல்ட் இரண்டும் நெகட்டிவ் என்று வந்தால், மற்ற அறிகுறிகளையும் பார்த்து அந்த மருந்தை நிறுத்த யோசிக்கலாம். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்தின் செலவில்தான் ஏறுகிறது.

இன்னொன்று, ரிப்போர்ட் முதலில் உறவினர் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. 'பாசிட்டிவ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அளவு கீழே பொடி எழுத்தில். சேரன்மகாதேவி அம்மா ஒருவர் அழுதுகொண்டே ஓடிவந்தார்: "கருப்புப் பூஞ்சையா சிஸ்டர்? எம் புள்ளைக்குக் கண்ணு போயிருமா?" 2021-ல் பார்த்த பயம் இன்னும் போகவில்லை. கருப்புப் பூஞ்சை வேறு இனம், இந்தப் பரிசோதனை அதைத் தேடுவதே இல்லை. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் ஆனது. ரிப்போர்ட் முதலில் ஐ.சி.யு.வுக்கு வரட்டும் என்று சென்டரில் கேட்டிருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை.

இங்கே கொடுப்பதாக இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்குள் கொடுத்துவிடுங்கள். சீட்டில் ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டும் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.