பேட்டரி பழுது: கடையா, தயாரிப்பு நிறுவனமா?

புது மடிக்கணினியின் பேட்டரி பழுதானால் பலரும் நேராகத் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குத்தான் போகிறார்கள். வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் நான் முதலில் விற்ற கடையைத்தான் கேட்பேன்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. அவர் தம் செலவில் பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ வேண்டும். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலையில் குறைப்போ முழுப் பணமோ கேட்கலாம். கடை மறுத்தால் பயனீட்டாளர் சங்கம், அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். ரசீது மட்டும் பத்திரம்!

ஆறு மாதம் தாண்டிவிட்டால் நிறுவன உத்தரவாதமே எளிது. ஆனால் கணினிக்கு மூன்று ஆண்டு என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். கொள்ளளவு மெல்லக் குறைவதைத் தேய்மானம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும், விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையைக் கையோடு கொண்டு போங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் இந்த யோசனையெல்லாம் பிறகு. சார்ஜ் போடாதீர்கள், மூடியை அழுத்தாதீர்கள், உடனே சேவை நிலையத்தை அழையுங்கள்.