டோனர் பிரிவில் நான்: தம்பிக்குக் கிட்னி கொடுத்தவளின் அனுபவம்

நான் தையல் வேலை செய்கிறவள். வயது நாற்பத்து நான்கு. போன வருடம் என் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்தேன். கொடுக்கலாமா என்று யோசித்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன். கிட்னி கிடைத்தவர்கள் எழுதியது நிறைய இருந்தது, கொடுத்தவர்கள் எழுதியது கொஞ்சம்தான். அதனால் டோனர் பிரிவு, அதாவது கொடுப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற பிரிவு, என்னை எப்படி நடத்தியது என்பதை மட்டும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. நீங்கள் எங்கே போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மதிப்பெண் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் நடந்ததற்கு ஐந்துக்கு ஐந்து. ஆபரேஷனுக்கு நாலரை. வீட்டுக்கு அனுப்பிய பிறகு நடந்ததற்கு இரண்டு.

தம்பிக்கு டயாலிசிஸ் தொடங்கிய அன்று இரவே நான் வேண்டிக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், பக்கத்தில் ஓடுகிற மெஷினையே பார்த்துக்கொண்டு அவன் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். சிவனிடம், "என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள், அவனை விட்டுவிடு" என்றேன். சொல்லி முடித்ததும் மனது அடங்கிப்போனது. அந்த அமைதிதான் சிவன் தந்த பதில் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் அம்மாவிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. எனக்கும் கண்ணப்பர் நினைப்புதான். சாமியின் கண்ணில் ரத்தம் வழிந்ததும் யோசிக்காமல் தன் கண்ணை எடுத்து அப்பியவர் அல்லவா.

அந்த நினைப்போடுதான் டோனர் பிரிவுக்குப் போனேன்.

முதலில் நல்லதாகப் பட்டது, என்னைப் பார்த்த டாக்டரும் தம்பியைப் பார்த்த டாக்டரும் வேறு வேறு ஆட்கள். "அவரைப் பிழைக்க வைப்பது அவர்கள் வேலை. உங்களைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் எங்கள் வேலை" என்று முதல் நாளே சொன்னார்கள். நீங்கள் போகிற இடத்தில் இப்படித் தனித்தனியாக இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பரிசோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்த வகை, திசுப் பொருத்தம், அவன் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் கலந்து பார்க்கிற கிராஸ்மேட்ச், இ.சி.ஜி., எக்ஸ்ரே, சர்க்கரை, பிரஷர், சிறுநீரக ரத்தக் குழாய்களைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோகிராம். அப்புறம் 24 மணி நேரச் சிறுநீரை ஒரு பெரிய கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என் கேனை எங்கேயோ மாற்றி வைத்துவிட்டார்கள், மறுபடி முதலிலிருந்து சேர்த்தேன். அந்த ஒரு நாள் போனது பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

இடது பக்கத்தை ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். இடது சிறுநீரகத்தின் சிரை நீளமாக இருக்கும், தம்பி உடம்பில் வைத்துத் தைக்க வசதி என்றார் டாக்டர். சட்டென்று புரிந்தது. துணியில் தையலுக்கு விடுகிற பிடி போலத்தான். பிடி போதாவிட்டால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் பிரிந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆலோசகரைப் பற்றி. டோனருக்காக மட்டும் இருக்கிறவர் அவர். ஐம்பது வயதிருக்கும், அமைதியான அம்மா. கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நானும் நேராக, சாமி சொல்லிவிட்டது, கொடுக்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. "சரி. உங்கள் கிட்னியை அவருக்கு வைத்தபிறகு அது வேலை செய்யாமல் போனால், உங்கள் சாமியை என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சே வரவில்லை.

வேலை செய்யாமல் போவதும் உண்டு என்று பொறுமையாக விளக்கினார். உயிரோடு இருப்பவர் கொடுக்கிற கிட்னி பொதுவாக 15, 20 வருடம் உழைக்கும், ஆனால் யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிறகு என்னைப் பற்றிய கணக்குகளைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். இந்த ஆபரேஷனில் கொடுப்பவர் இறந்துபோவது 10,000 பேரில் சுமார் 3 பேர். அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், வாழ்நாளில் தன் சிறுநீரகமே செயலிழக்கும் வாய்ப்பு கொடுத்தவர்களில் 10,000 பேருக்குச் சுமார் 90 என்றும், அவர்களைப் போலவே ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் 14 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். "குறைவுதான். ஆனால் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதுவரை சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்றுமே ஆகாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒரு வார்த்தையும் மறைக்காமல் பேசிய முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் சொன்னதை நான் எழுதியே வைத்திருக்கிறேன். "எந்த நிமிடமும் வேண்டாம் என்று சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூடச் சொல்லலாம். உங்கள் வீட்டாரிடம், இவர் டோனராகப் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வோம். காரணம் வெளியே வராது."

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் சாமி கும்பிடவே முடியவில்லை. விளக்கேற்றி உட்கார்ந்தால் அந்தக் கேள்விதான் வந்து நிற்கும். என் வேண்டுதலில் ஒரு பேரம் இருந்தது. நான் ஒன்று தருகிறேன், நீ ஒன்று தா. அப்படியானால் தம்பி பிழைக்காவிட்டால் சாமி என்னை ஏமாற்றியதாகத்தானே ஆகும்? இதைப் பற்றிப் பேச வீட்டில் யாரும் இல்லை. எங்கள் வழிபாட்டுக் குழுவில் மூத்தவர் ஒருவர், வேண்டிக்கொண்டதைத் தள்ளினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அது இன்றும் மனதில் முள்ளாக இருக்கிறது. பயமுறுத்தி வாங்குவதா கொடை?

ஒரு ராத்திரி கண்ணப்பர் கதையின் மிச்சம் ஞாபகம் வந்தது. முதல் கண்ணை அப்பியாயிற்று. சாமியின் அடுத்த கண்ணிலும் ரத்தம். இடம் தெரிவதற்காகக் காலை ஊன்றிக்கொண்டு இரண்டாவது கண்ணைத் தோண்டப் போகிறார். அப்போது சாமியின் கை வெளியே வந்து, நில் கண்ணப்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொள்கிறது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை. கொடுத்தது மட்டும்தான் மனதில் நின்றிருக்கிறது, பிடித்த கை நிற்கவில்லை. நில் என்று சொன்னதும் அதே சாமிதானே. அந்த அறையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் கையும் அப்படிப் பிடித்த கைதான் என்று எனக்குத் தோன்றியது. என் நம்பிக்கையை அவர் தொடவே இல்லை. நான் ஓடிய ஓட்டத்தைத்தான் நிறுத்தினார்.

திரும்பப் போய், அவன் உடம்பு ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் கொடுக்க விரும்புகிறேன், பேரத்தை விட்டுவிட்டேன் என்றேன். அப்படியும் உடனே சரி சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றார். அந்த மாதத்தில்தான் நிறையப் படித்தேன். வெற்றி பெற்ற முதல் கிட்னி மாற்று ஆபரேஷன் 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் நடந்தது. ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். நோயே இல்லாத ஒருவரைக் கத்தியால் கீறலாமா என்ற கேள்வி டாக்டர் ஜோசப் முர்ரேயின் குழுவையும் உறுத்தியிருக்கிறது. மதத் தலைவர்களையும் கலந்து பேசிய பிறகுதான் செய்திருக்கிறார்கள். வாங்கிய ரிச்சர்ட் எட்டு வருடம் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 வருடம் இருந்து 2010-இல் காலமானார். போப் இரண்டாம் ஜான் பால் 2000-இல் ரோமில் மாற்று அறுவை டாக்டர்களிடம் பேசும்போது, உறுப்புக் கொடையை அன்பின் செயல் என்று சொல்லிவிட்டு, கொடுப்பவர் எல்லாம் தெரிந்துகொண்டு, ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ சுதந்திரமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வேறு மதம்தான். ஆனால் மறுக்கவோ என்ற சொல்லைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் மூத்தவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்த சொல் அது.

ஆபரேஷன் அன்று கழுத்திலிருந்த ருத்ராட்சத்தைக் கழற்றச் சொன்னார்கள். நர்ஸ் அதை ஒரு சின்னக் கவரில் போட்டு, என் பெயர் எழுதி, "கண் விழித்ததும் நானே கையில் கொடுக்கிறேன்" என்றார். சொன்னபடியே கொடுத்தார். மயக்கம் தெளியாத கையில் அந்த மணியின் சொரசொரப்பு பட்டதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. தியேட்டருக்குள் தள்ளுவதற்கு முன்னால் ஆலோசகர் வந்து கடைசியாக ஒரு தடவை கேட்டார். கொடுக்கிறேன் என்றேன்.

லேப்ராஸ்கோப்பி முறை. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், அடிவயிற்றில் கிட்னியை வெளியே எடுக்க ஒரு நீளமான கீறல். தையலைக் கண்ணாடியில் பார்த்தேன். நூல் வெளியே தெரியாமல், ஹெம்மிங் அடித்த மாதிரி உள்ளுக்குள்ளேயே ஓட்டியிருந்தார்கள். சுருக்கம் இல்லை, இழுப்பு இல்லை. தைத்தவரின் கை சுத்தமான கை.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், தோள்வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வயிற்றை உப்பவைக்க ஏற்றுகிற வாயு மிச்சமிருந்தால் தோளில் வந்து குத்தும். வயிற்றைக் கிழித்துவிட்டுத் தோள் ஏன் வலிக்கிறது என்று ராத்திரி முழுக்கப் பயந்து கிடந்தேன். ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இரண்டாம் நாள் மெதுவாக நடந்து தம்பியின் அறைக் கண்ணாடிக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே விடவில்லை. அவன் கட்டிலின் ஓரத்தில் சிறுநீர்ப் பை தொங்கியது. முக்கால்வாசி நிறைந்திருந்தது. மாதக்கணக்கில் சொட்டு மூத்திரம் போகாதவன். அந்தப் பையைக் கையால் காட்டி, "அக்கா" என்று வாயசைத்தான். தம்பி மனைவி என் பக்கத்தில் நின்று, "அண்ணி, அண்ணி" என்று அழுதுகொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கொடுத்த காகிதத்தில் மாத்திரைப் பட்டியல் மட்டும் இருந்தது. இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் இனி எனக்கு ஆகாது என்பது அதில் இல்லை. பாதி மயக்கத்தில் இருந்தபோது வாயால் சொன்னார்களாம். தம்பி மகள் குறித்து வைத்ததால் தப்பித்தேன், ஏனென்றால் இரண்டு மாதம் கழித்துத் தையல் மெஷினில் உட்கார்ந்ததும் முதுகுவலி வந்து அந்த மாத்திரையைத்தான் கையில் எடுத்தேன். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். தையல் மெஷினை எப்போது மிதிக்கலாம் என்பதற்கு ஆளுக்கு ஒரு பதில்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிற ஒரு கழிவு, 0.8-இலிருந்து 1.2-க்கு ஏறியிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு சிறுநீரகம் மட்டும் வேலை செய்யும்போது அப்படித்தான் கொஞ்சம் ஏறும், மிச்சமிருப்பது கொஞ்சம் பெரிதாகி முன்பிருந்த மொத்தச் செயல்திறனில் சுமார் 70 சதவீதம்வரை ஈடுகட்டும் என்று ஆலோசகர் போனில் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இதை அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருக்கலாமே.

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அழைப்பே வரவில்லை. மூன்று முறை போன் செய்தேன். தம்பிக்கு மட்டும் தேதி தவறாமல் செய்தி வரும். மேசையில் இருந்த பெண், "உங்களுக்குத்தான் நோய் இல்லையே" என்றாள். நோய் இல்லாமல் கட்டிலில் படுத்து எழுந்தவள் நான், அதனால்தான் என்னைப் பார்க்க வேண்டும். பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இந்த மூன்றையும் வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே, பிற்காலப் பரிசோதனைக்கு யார் பொறுப்பு, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் யாராவது கேட்டால் அந்த டோனர் பிரிவுக்குத்தான் போகச் சொல்வேன், அந்த ஒரு அறைக்காக. சாமி சொன்னதாக நம்பிப் போகிறவர்கள் கண்டிப்பாக அதைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

இந்தக் குறைகளையெல்லாம் எழுதி ஆலோசகரிடமே கொடுத்தேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, தோள்வலி என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் எனக்கு வருடப் பரிசோதனை. தம்பிக்கும் அதே நாளில் தேதி வாங்கியிருக்கிறோம், சேர்ந்து போகிறோம்.