பதின்பருவப் பிள்ளை உள்ள குடும்பங்களுக்கான இணையவழி ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்புரை

பதினைந்து வயதாகும் என் அக்கா மகனின் உறக்கமும் உணவும் சீர்குலைந்திருந்த நிலையில், இணையவழியில் குடும்ப ஆலோசனை வழங்கும் ஒரு சேவையில் பதிவு செய்தோம். ஒரே வீட்டில் வசிப்பதால் நானும் அமர்வுகளில் இருக்க வேண்டும் என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டார். பையனை மட்டும் அனுப்பிவைத்தால் போதும் என்று அத்தான் எண்ணியிருந்தார். அதற்கு ஆலோசகர் இசையவில்லை. இச்சேவையின் மீது எனக்கு மதிப்பு உண்டானது அப்போதுதான்.

வீட்டில் வாக்குவாதம் எழும் நேரத்தையும், அவன் உண்ட வேளைகளையும், உறங்கிய நேரத்தையும் ஒரே தாளில் குறித்துவரச் சொன்னார்கள். இரவு உணவின்போது அக்காவும் அத்தானும் செலவுக் கணக்கைப் பற்றிக் குரல் உயர்த்திய நாள்களில், அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அறைக்குள் போனதும், நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியும் நொறுக்குத்தீனியுமாக விழித்திருந்ததும், மறுநாள் காலை உணவையும் விளையாட்டுப் பயிற்சியையும் தவிர்த்ததும் அத்தாளில் அடுத்தடுத்துப் பதிவாகியிருந்தன. அதுவரை சோம்பல் என்றும் கைப்பேசி மோகம் என்றும் அவன்மீது சுமத்தப்பட்ட பழியை அதன்பின் யாரும் பேசவில்லை.

ஆலோசகரின் விளக்கம் தெளிவாக இருந்தது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. ஆனால் பருவமடையும் காலத்தில், உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்னும் ஹார்மோனின் சுரப்பு தாமதமாவதால் இயல்பாகவே தூக்கம் பிந்திப்போகிறது. அத்துடன், அடுத்த அறையில் சண்டை நடக்கும்போது உடல் எச்சரிக்கை நிலைக்குச் சென்று, கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் மிகுவதால், படுத்தாலும் கண்ணயர முடிவதில்லை. உறக்கம் குறைந்தால் மறுநாள் இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவின்மீது நாட்டம் கூடுகிறது. உடற்பயிற்சிக்கான ஊக்கம் குறைகிறது. இவற்றைத் தனித்தனிப் பழக்கங்களாக எண்ணித் தனித்தனியாகக் கண்டிப்பதில் பயனில்லை என்பது எங்களுக்கு விளங்கியது.

கருத்து வேறுபாடே இல்லாத வீட்டை அவர் எதிர்பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. உணவு வேளையில் பணப்பேச்சு கூடாது, பையன் வழியாக ஒருவருக்கொருவர் செய்தி சொல்லி அனுப்பக் கூடாது, யார் பக்கம் நியாயம் என்று அவனிடம் கேட்கக் கூடாது என்றார். அவன் முன்னிலையில் தொடங்கிய சண்டை அவன் அறியவே சமாதானமாக முடிய வேண்டும் என்பதை மிகவும் வலியுறுத்தினார். பெற்றோரின் பூசல் தீர்வதைக் காணும் பிள்ளைகளின் மனவுளைச்சல் குறைகிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

முதலில் அவன் மீண்டும் எங்களுடன் அமர்ந்து முழுமையாக உண்ணத் தொடங்கினான். உறங்கும் நேரம் மெல்ல முன்னதாக நகர்ந்தது. கைப்பேசிப் பயன்பாட்டில் பெரிய மாற்றமில்லை.

குறைகளும் உண்டு. பையனுடன் தனியாகப் பேசுவதற்கு அமர்வின் கடைசிச் சில நிமிடங்களே ஒதுக்கப்பட்டன. அவன் சொல்வதில் எவை பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும், எவை தெரிவிக்கப்படா என்பதைத் தாமதமாகவே விளக்கினார்கள். அதுவரை அவன் ஒற்றைச் சொற்களில்தான் பதிலளித்தான். இதைவிடக் கவலையளிப்பது பதிவுப் படிவம். வீட்டில் அடிதடியோ மிரட்டலோ உண்டா என்னும் கேள்வி அதில் இருக்கிறது; ஆனால் முழுக் குடும்பத்துக்கும் ஒரே படிவம் என்பதால், அஞ்சி வாழும் ஒருவர் அதில் உண்மையை எழுத வழியே இல்லை. அத்தகைய வீடுகளில் அனைவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைப்பது ஆபத்தாகவும் முடியலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம் தருவதை நிறுவனம் உடனே நடைமுறைப்படுத்த வேண்டும்.

வாய்ச்சண்டை ஓயாத, ஆனால் ஒருவருக்கொருவர் அச்சமின்றிப் பேசக்கூடிய குடும்பங்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேர்பவர்கள், பிள்ளைக்கென முழு நேரத் தனியமர்வு ஒன்றைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது.