அரக்கு முத்திரைக்கு வெள்ளித் திரித்தாங்கி: எதை வாங்கலாம்?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் கட்டணம் தாள் கணக்கில். உறை போட்டால் அதையும் ஒரு தாளாக எண்ணிவிடுவார்கள். அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். அரக்கை உருக்க ஒரு சின்னச் சுடர் போதும். அதைத் தாங்கவென்றே வெள்ளியில் சாமான்கள் வந்தன.

டேப்பர் ஸ்டிக் என்பது நாலங்குல உயரத்தில் ஒரு குட்டி மெழுகுவர்த்தித் தண்டு. வேக்ஸ் ஜாக்கில் நடுத்தண்டைச் சுற்றி மெல்லிய மெழுகுத் திரி சுருண்டிருக்கும், நுனியைக் கத்தரி மாதிரி ஒரு கவ்வி பிடித்திருக்கும். பூஜி பாக்ஸில் அதே சுருள் டப்பாவுக்குள் இருக்க, மூடியின் துளை வழியே நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்.

மேசையில் வைத்தால் அழகு வேக்ஸ் ஜாக்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் வாங்கியது பூஜி பாக்ஸ். காரணம் ஒன்றே ஒன்று: சுத்தம் செய்வது.

வேக்ஸ் ஜாக்கில் உருகும் மெழுகு கவ்வியின் மூட்டில் இறங்கி உறைந்துவிடும், கீழே சுருளிலும் சொட்டும். திறந்த சுருளில் தூசி வேறு படியும். கத்தியால் சுரண்டினால் வெள்ளியில் கீறல் விழும். பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் ஹால்மார்க் மழுங்கும். அதில் வெள்ளியின் தரம் சொல்லும் சிங்கமும், செய்த ஆண்டைச் சொல்லும் எழுத்தும் தெளிவாக இல்லாவிட்டால் விற்கும்போது விலை இறங்கிவிடும். என் டப்பாவில் மெழுகு படிவது மூடியில் மட்டும்தான். அதைக் கழற்றி நல்ல சுடுநீரில் போடுவேன். தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகி மேலே மிதக்கும். தண்ணீர் ஆறியதும் பாலாடை போல எடுத்துவிடலாம். பிறகு மெல்லிய துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

குறையும் உண்டு. புதுத் திரியை வெதுவெதுப்பான நீரில் இளக்கித்தான் சுருட்ட வேண்டும். இறுக்கிச் சுருட்டினால் மேலே இழுக்கும்போது சிக்கும்.

டேப்பர் ஸ்டிக்கைக் கடையில் கையில் பிடித்துப் பார்த்ததோடு சரி, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். அடிப்பாகத்தில் கீல் (தார் போன்ற பிசின்) நிரப்பியதாக இருந்தால் மட்டும் சுடுநீரில் போடாதீர்கள்.

எதை வாங்கினாலும் கழன்று வரும் ஒவ்வொரு பாகத்திலும் ஹால்மார்க் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். டப்பாவில் உடல், மூடி இரண்டிலும் இருக்க வேண்டும். விளிம்பில் செம்பு நிறம் தெரிந்தால் அது ஷெஃபீல்டு பிளேட் போல செம்பின் மேல் வெள்ளி போர்த்தியது, வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.