டியூஷனா, உணவு டெலிவரியா?
சென்னையில் படித்துக்கொண்டே சம்பாதிக்க நினைக்கும் கல்லூரி மாணவர்கள் பலர் வீட்டு டியூஷனையோ ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற டெலிவரி வேலையையோ நாடுகிறார்கள். டெலிவரியில் நேரத்தை நாமே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் இரவு உணவு நேரத்தில் ஓடினால்தான் ஆர்டர்கள் ஒழுங்காகக் கிடைக்கும் என்பதாலும், பெட்ரோல், டயர், ஆயில் செலவெல்லாம் நம் தலையிலேயே விழுவதாலும், செயலியில் தெரியும் தொகையை அப்படியே வருமானமாக எடுத்துக்கொள்ள முடியாது. டியூஷனில் முதல் மாணவர் கிடைப்பதுதான் கடினம். பத்தாம் வகுப்புக் கணக்கைப் புரியும்படி சொல்லிக்கொடுத்தால், அடுத்த பிளாக் அம்மாக்களே ஆள் சேர்த்துவிடுவார்கள். பொதுத்தேர்வு முடிந்ததும் வருமானம் நின்றுபோகும், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் நம் செமஸ்டரும் வந்து நிற்கும். அப்படியிருந்தும், சொந்த வண்டி இல்லாதவருக்கு நான் டியூஷனையே சொல்வேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் 25 திறனறிவுக் கேள்விகளுக்கும் அதுவே நல்ல பயிற்சி.